விலிமோனி வாங்காத திமிங்கலப் பல்

சுவா துறைமுகத்தை ஒட்டிய மளிகைக் கிடங்கில் சரக்கை வாங்கி அனுப்பும் கிளார்க் விலிமோனி. கன்டெய்னர் கதவில் வைத்த சீலை உடைப்பது, நசுங்கிய மீன் டின்களை ஒதுக்குவது, லாவ் தீவுகளுக்குப் போகும் கப்பலுக்கு மாவு மூட்டைகளை அனுப்புவது, எல்லாம் அவன் பொறுப்பு. லாரிக்காரர்கள் அவசரப்படுத்தினால், "உன் பொண்டாட்டிகிட்ட இப்படிக் கத்திப் பாரேன்" என்று சிரித்துக்கொண்டே மெதுவாக எண்ணுவான்.

சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டிய அபிசாய் அவனுக்கு அத்தை மகன். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் விலிமோனிதான். மச்சான் முறை என்பதால் நாள் முழுக்கக் கேலிதான்.

"மச்சான், உன் மண்டையைவிட மரவள்ளிக்கிழங்கு அழகுடா" என்பான் அபிசாய்.

"அதான் உன் தங்கச்சி என்னைக் கட்டிக்கிட்டா."

கப்பல் காத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, விலிமோனி கன்டெய்னர் கதவருகே குனிந்து சீல் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் பேசியபடியே அபிசாய் வண்டியைப் பின்னால் எடுத்தான். விலிமோனியின் வலது பாதம் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நசுங்கியது.

அபிசாய்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மச்சான் பாக்கல, நான்தான்" என்று தேம்பினான். "சரி விடுடா, வேணும்னா செஞ்ச?" என்று விலிமோனி அவன் தலையைத் தடவிக்கொடுத்தான்.

ஊன்றுகோலோடு விலிமோனி கிடங்குக்குத் திரும்பிய அன்று மேனேஜர் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"தரையில போட்ட மஞ்சக் கோட்டைத் தாண்டி வண்டிக்குப் பின்னாடி போயிருக்க. விதியை மீறினவனை வேலைல வெச்சுக்க முடியாது."

"யார் சார் சொன்னது?"

"வண்டியில இருந்தவன்தான். அபிசாய்."

விலிமோனி கண்ணாடி வழியே பார்த்தான். கிடங்கின் மறுகோடியில் அபிசாய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மாதம் கழித்து அபிசாய் தன் பெரியப்பாவோடு விலிமோனி வீட்டுக்கு வந்தான். இருவரும் பாயில் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். பெரியவர் எங்கள் வழக்கப்படி திமிங்கலப் பல்லை இரு கையாலும் நீட்டி மன்னிப்புக் கேட்டார். அதை வாங்கிக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம்; நீட்டிய பல்லை எங்களில் யாரும் மறுப்பதில்லை. விலிமோனியின் மனைவி லோசலினி அபிசாயின் தங்கை. அவள் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

விலிமோனி கையை நீட்டவில்லை.

"மாமா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இவன் ஆபீஸ்ல போய் உண்மையைச் சொல்லட்டும். அப்புறம் கொண்டாங்க, தலைமேல வெச்சு வாங்கிக்கிறேன்."

"வேலை போயிடும் மச்சான்," என்றான் அபிசாய். "எனக்குப் புள்ளைங்க இருக்கு."

"எம்புள்ளைங்க உனக்கு மருமகப் புள்ளைங்கடா."

பெரியவர் பல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

திங்கட்கிழமை அபிசாய் ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்வான் என்று லோசலினி நம்பினாள். அவன் போகவில்லை. கிளார்க் மேஜை காலியாக இருந்ததால் அதில் அவனையே உட்காரவைத்தார்கள்.

விலிமோனி இப்போது சந்தையில் தேங்காய் விற்கிறான். அந்தப் பக்கம் போகிற கிடங்கு ஆட்கள் பழைய பழக்கத்தில், "உன் மச்சான் எப்படி இருக்கான்?" என்று கேட்டுவிடுவார்கள்.

"எனக்கு மச்சான் கிடையாது" என்பான். சிரிக்கமாட்டான்.