பூஜைப் பலகையில் வைத்த ஹார்ட் டிஸ்க்

அன்றைக்கு என் விரலைத் தடுத்தது அத்தையா, ஆண்டாளா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. அவளை நம்பியிருக்கும் உங்களிடம் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். மகள் கோதை பிறந்தபோது அவர் எல்லையில், மலைமேல் ஒரு முகாமில் இருந்தார். பேசவே எப்போதாவதுதான் சிக்னல் கிடைக்கும். வீடியோ எங்கே போகும்? "எல்லாத்தையும் எடுத்து வை. லீவுல வந்து ஒண்ணா உக்காந்து பாப்போம்" என்பார். கோதை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, அவருடைய போட்டோவைத் தொட்டு முதன்முதலாக "ப்பா" என்றது, எல்லாம் எடுத்தேன். போன் நிறைந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு போனில் அழித்துவிடுவேன். இன்னொரு பிரதி எடுத்து வைக்கத் தோன்றவே இல்லை.

சென்ற ஆண்டு சரஸ்வதி பூஜை நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கும் நிறைந்துவிட்டது. மொத்த டிஸ்க்கையும் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்தும் வசதி லேப்டாப்பில் இருந்தது. பூஜையன்று காலையில் அதை ஓடவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டப் போனேன்.

திரும்பி வந்தால் ஒயர் மட்டும் தொங்குகிறது. ஹார்ட் டிஸ்க், பூஜைப் பலகையில் அரிவாள்மனைக்கும் என் கல்லூரிப் புத்தகங்களுக்கும் நடுவில், சந்தனம் குங்குமத்தோடு இருக்கிறது. பிடுங்கி வைத்தவர் அத்தை, என் மாமியார்.

"பேத்தி படம் அம்புட்டும் இதுக்குள்ளதான இருக்கு? இதுக்கு வைக்காம வேற எதுக்குப் பொட்டு வைக்க?" என்று சிரித்தார்.

அவர் அடுப்படிக்குப் போனதும் எடுத்துச் செருகிப் பார்த்தேன். திறக்கவில்லை. பார்மட் செய்யவா என்று கேட்டது. நான் கணிதம் படித்தவள். ஆனாலும் பார்மட் கொடுத்தால் கோளாறு சரியாகிவிடும் என்றுதான் அந்தப் பதற்றத்தில் நினைத்தேன். விரல் அமுக்கப் போய்விட்டது.

"ஏட்டி, பூஜையில வச்சதை எதுக்குத் தொடுத? சூடம் காட்டப் போறேன், எடுத்து வை. நாளைக்கு மறுபூஜை முடிஞ்ச பொறவு எடுத்துக்கோ."

அத்தை சொல்லி நான் மறுத்ததில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

அன்று பொழுது நகரவே இல்லை. யாரிடமும் சொல்ல முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் அழுகை. கோதையின் அப்பா பார்க்காத ஒரு வருடம், ஆண்டாள் தாயே, அதை மட்டும் திருப்பிக் கொடு. அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் கோதையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஆண்டாள் சன்னதியில் கோதையை இறக்கிவிட்டுக் கும்பிட்டேன். அங்கிருந்து நேராக ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"என்னக்கா, பொட்டு வச்சுப் பூவும் போட்டுக் கொண்டாந்திருக்கீக!" என்றார் கடைக்காரர். நான் சிரிக்காததைப் பார்த்து அவர் முகம் மாறியது. "ஓடிட்டு இருக்கையிலயே புடுங்கிட்டீகளா? பார்மட் கேட்டிருக்குமே, குடுத்துட்டீகளா?"

"இல்லை."

"தப்பிச்சீக. பார்மட்னா உள்ள இருக்கதையெல்லாம் அழிக்கிறது. அதுல சுருக்கின பைல் வேற. பார்மட் குடுத்துட்டு வந்திருந்தா, ஏலாதுன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்."

முதலில் வேறொரு டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்து, அந்த நகலில்தான் தேடுவேன், உறுதி சொல்ல முடியாது என்றார்.

சில நாள் கழித்துக் கூப்பிட்டார், போனேன். பெரும்பாலும் கிடைத்துவிட்டது. தவழ்ந்த வீடியோக்கள் மட்டும் திறக்கவில்லை. "ப்பா" இருந்தது. கடையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பொங்கலுக்கு என் கணவர் வந்தார். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கோதை திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு அத்தையின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். "அது உன்னைத்தாம்லே கூப்பிடுது" என்று அத்தை தன் மகனிடம் சொன்னபோது இவர் கண் நிறைந்திருந்தது.

இப்போது எதையும் இரண்டு இடத்தில் வைக்கிறேன். பதறும்போது எதையும் அமுக்குவதில்லை. ஆண்டாள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு நாள் பொறுக்கிறேன். நீங்களும் அவளிடம் சொல்லிவிட்டுப் பொறுத்துப் பாருங்கள். கைவிடமாட்டாள்.

எனக்கு ஒரு யோசனை மட்டும் வேண்டும். பூஜையில் வைத்ததால்தான் படமெல்லாம் பிழைத்தது என்று அத்தை தெருவெல்லாம் சொல்கிறார். பிடுங்கியதால்தான் கெட்டது என்று அவருக்குத் தெரியாது. சொன்னால் நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் மறுபடியும் பிடுங்குவார். அவர் சொல்வதும் பொய்யில்லையே என்றும் தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்? இந்த வருடம் அத்தை சந்தனம் கரைப்பதற்குள் எழுதுங்கள்.