காகு வீட்டுக் கல்யாணமும் எங்கள் அசனமும்

சின்ன வயதில் எனக்கு விசுவாசம் இருந்தது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு அசனத்தின் மேல் இருந்தது. அசனம் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து சமைத்து, ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. புனேக்குப் பிழைக்க வந்த எங்கள் ஆட்கள் ஊரில் எதையெதையோ விட்டுவிட்டு வந்தார்கள், இதை மட்டும் விடவில்லை. புனேயை ஒட்டி நாங்கள் குடியிருந்த நிக்டியில் எங்களுக்குச் சொந்தக் கோயில் கிடையாது. ஞாயிறுதோறும் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஆராதனை நடக்கும். அசனத்தன்று பள்ளியின் பின்பக்கத்து மைதானத்தில் அடுப்பு மூட்டுவார்கள். லாரி கம்பெனியில் ஃபிட்டராக இருந்த என் அப்பாதான் அந்த அடுப்புகளுக்கெல்லாம் ராஜா.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அது. காலை எட்டரை மணிக்கே ஆட்டுக்கறியை வெட்டிக் கழுவி, மஞ்சள் தடவி அண்டாவில் வைத்திருந்தார்கள். யாரும் கேட்காமலே நான் அதற்குக் காவல் நின்றேன். அப்போது அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஏங்க, நம்ம காகு மண்டபத்துல உக்காந்து அழுதுட்டு இருக்காங்க. சமையக்காரங்க ஒருத்தரையும் காணல!"

காகு எங்கள் எதிர் வீட்டு மராத்தி அம்மா. காகு என்றால் அவர்கள் பாஷையில் சித்தி. கணவரை இழந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ரவிக்கை தைத்துத்தான் ஒரே மகளை ஆளாக்கினார். அந்த மகளுக்கு அன்றைக்குக் கல்யாணம், பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த மண்டபத்தில். தலைமைச் சமையல்காரரின் தகப்பனார் விடியற்காலையில் சாத்தாராவில் இறந்துபோனார். உதவிக்கு வந்தவர்களும் அவருடைய சொந்தக்காரர்களே என்பதால் மொத்தக் கூட்டமும் கிளம்பிப் போய்விட்டது. அரிசி, பருப்பு, காய்கறி, பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கிறது. முந்தின நாள் பிடித்த லட்டைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. கல்யாண சீசனில் வேறு சமையல்காரர் எங்கே கிடைப்பார்?

மாப்பிள்ளை வீட்டார் கோலாப்பூரிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று டீ ஆறிப்போனதற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவர் மாப்பிள்ளையின் தகப்பனார். பந்தியில் சாப்பாடு இல்லையென்றால் அந்தப் பெண் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டே வாழவேண்டியதுதான்.

அப்பா அண்டாவைப் பார்த்தார், பிறகு தன் கூட்டாளிகளைப் பார்த்தார். "என்னவே முழிக்கீரு? நமக்குத் தெரிஞ்ச வேலதானவே!"

சபைச் செயலாளர் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆராதன நேரத்துல, அசனத்தப் போட்டுட்டு, கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போறதா? ஐயரே, நீங்களே கேளுங்க." எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்குப் பிரசங்கம் பத்து நிமிஷம். அசனம் சாயங்காலம்" என்றார்.

முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து அவர் பிரசங்கம் செய்து நாங்கள் பார்த்ததில்லை. அந்த நாளின் முதல் அற்புதம் அதுதான். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்போ கறி?" என்று கேட்டேன். "எங்கயும் ஓடிராதுட்டி" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். பெரியம்மா ஒருவர் கறியை வேகவைத்து இறக்க அங்கேயே தங்கிவிட்டார்.

கிளம்புமுன் அப்பா ஒரு காரியம் செய்தார். காகு கழுத்தில் துளசி மாலை போட்டவர். கறி சமைக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். எட்டு வருஷமாக எங்கள் கிறிஸ்துமஸ் பலகாரத்தை இரு கையாலும் வாங்கி, சத்தமில்லாமல் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடுவார். அது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் வருஷாவருஷம் கொடுப்பாள். "அந்தம்மா வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க. எல்லாரும் குளிங்கவே" என்றார் அப்பா. பன்னிரண்டு ஆம்பிளைகள் பள்ளிக்கூடக் குழாயடியில் இரண்டாம் முறை குளித்தார்கள். எங்கள் கரண்டி, அண்டா ஒன்றையும் எடுக்காமல் வெறுங்கையோடு மண்டபத்துக்குப் போனார்கள்.

அதற்கப்புறம் அங்கே நடந்ததை என்னவென்று சொல்ல! பத்து நிமிஷப் பிரசங்கம் முடிந்த கையோடு பாட்டுக்குழு அத்தைமார் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, கீர்த்தனை பாடியபடியே பூரி தேய்த்தார்கள். உருளைக்கிழங்கு மலையாகக் குவிந்து, பொரியலாக இறங்கியது. என் தாய்மாமன் பொறுப்பில் வரண் இருந்தது. வரண் என்பது மராத்திக்காரர்களின் பருப்பு. மஞ்சளும் உப்பும் நெய்யும் போட்டால் போதும். மாமா அதை ஒரு வாய் ருசி பார்த்தார். "இத எப்படிவே மனுசன் திம்பான்?" என்று மனசு கேட்காமல் புளியைக் கரைத்து ஊற்றினார். பெருங்காயம் போட்டார், மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்துக் கொட்டினார். அப்பா வந்து பார்க்கும்போது அண்டா நிறையச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இனி மாற்ற நேரமில்லை. அங்கே அட்சதை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பந்தி உட்கார்ந்தது. இலையில் எல்லாம் பரிமாறியாயிற்று. அசனத்தில் ஜெபம் பண்ணாமல் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. இத்தனை வருஷப் பழக்கம் லேசில் விடுமா? அப்பா வரிசையின் முன்னால் போய் நின்று, "எல்லாரும் கண்ண மூடுங்க" என்று தமிழில் சத்தமாகச் சொல்லி, ஜெபத்தைத் தொடங்கியேவிட்டார். எங்கள் ஆட்கள் வாளியும் கையுமாகக் கண்ணை மூடினார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பாதி ஜெபத்தில்தான் அப்பாவுக்கு எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். முந்நூறு பேர் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் சுலோகம் சொல்வது அவர்களுக்கும் வழக்கமாம். மதராஸி சுலோகம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பா வேறு வழியில்லாமல் முடித்து "ஆமென்" என்றார். மாப்பிள்ளையின் தகப்பனார் "விட்டல விட்டல" என்றார். பந்தி தொடங்கியது.

அந்தப் பெரியவர் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். இது என்ன என்று மராத்தியில் கேட்டார். மாமா தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மணமேடைப் பக்கம் நின்ற காகுவின் முகத்தில் ரத்தமே இல்லை. "வரண்" என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்து, "மதராஸி வரண்" என்றார். பெரியவர் கிண்ணத்தைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்து, மறுபடி நீட்டினார். மூன்று தடவை நீட்டினார். போகும்போது பஸ்ஸில் கொண்டுபோக ஒரு தூக்குச்சட்டி நிறையக் கேட்டு வாங்கினார். எங்கள் ஆட்கள் முகத்தைப் பார்த்திருக்கணுமே! மாமா தூணைவிட்டு வெளியே வந்து, பெரிய சமையல் பண்டாரி மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றார். எனக்கும் அப்பாவை நினைத்து அப்படியொரு பெருமை. கறியைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்தேன்.

நாலு மணிக்குப் பெண்ணை அனுப்பிவைத்தார்கள். ஆறு மணிக்கு மைதானத்தில் எங்கள் அசனம். எல்லாரும் பாயில் உட்கார்ந்து இலை போட்ட நேரத்தில், காகு தனியாக வந்தார். கல்யாணச் சேலையை மாற்றவில்லை. கண் வீங்கியிருந்தது. அம்மா பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள், வாழைப்பழம் கொண்டுவர ஆளை அனுப்பினாள். காகு நாற்காலியை நகர்த்திவிட்டு, வரிசையில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தனக்கும் ஓர் இலை கேட்டார்.

ஐயர் ஜெபித்தபோது அவரும் கண்ணை மூடினார். கறி வாளி வரிசையில் வந்துகொண்டிருந்தது. தூக்கி வந்தவர் செயலாளர் மாமா. காகுவின் இலைக்கு முன் அப்படியே நின்றுவிட்டார். அப்பா கறி படாத சோற்றை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பக்கமும் கறி மணக்க, காகு அந்தச் சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். முந்தின நாளிலிருந்து அவர் வாயில் பட்ட முதல் சோறு அதுதான் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். செயலாளர் மாமா வாளியோடு திரும்பி நின்று தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மறைக்காமல் அழுதாள். கல்யாணம்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இவர்கள் எதற்கு இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு அருமையான கறியை விட்டுவிட்டு இந்தக் காகு வெறுஞ்சோறு தின்கிறாரே, பாவம் என்று அந்தப் பந்தியில் அவருக்காக வருத்தப்பட்ட ஒரே ஆள் நான்தான்.