லோடு ஏற்றாமல் கொடுத்த பரிசு

லோடு வண்டி விற்கிறவனுடைய வேலையில் முக்கால்வாசி, வராத ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஷோரூமில் நான் அப்படி நின்றேன். கழுத்தில் டை, காலில் கடிக்கிற ஷூ, முகத்தில் கழற்றி வைக்கவே கூடாத ஒரு சிரிப்பு. குக்கரோ, இன்சூரன்ஸோ, வாட்டர் ஃபில்டரோ, எதையாவது ஊரார் தலையில் கட்டிப் பிழைத்தவர்கள் இதைப் படித்தால் என் பாடு சொல்லாமலே புரியும். மற்றவர்கள் இரக்கப்பட்டுப் படிக்கலாம்.

எனக்கு இன்னொரு கோளாறும் உண்டு. நின்ற இடத்திலேயே கனவு காண ஆரம்பித்துவிடுவேன். தினமும் காலையில் பாளையங்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ் ஒன்று எங்கள் வாசலைத் தாண்டும். ஜன்னலோரத்தில் செல்வி இருப்பாள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் பெண் பார்த்துவிட்டு வந்து, பேச்சு பாதியில் நிற்கிற செல்வி. பஸ் போன பிறகும் வெகுநேரம் அந்த ரோட்டில் எனக்கு மட்டும் வெயில் அடிக்காது. அவள் அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் ஹெட்கிளார்க். “வேலை நிரந்தரமாகட்டும் தம்பி, தையிலேயே முடிச்சிருவோம்” என்று சொல்லியிருந்தார். நானோ அப்போது தற்காலிகம்.

சாமி படங்களுக்கு நடுவில்

அந்தச் சமயத்தில்தான் வடக்கேயிருந்து வரும் ஒரு இங்கிலீஷ் கார் பத்திரிகை, எங்கள் புது பிக்கப்புக்கு ‘இந்த வருஷத்தின் சிறந்த வண்டி’ என்று பரிசு கொடுத்தது. எங்கள் முதலாளி அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகையின் அட்டையைப் பிரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே பிள்ளையாருக்கும் காந்திமதி அம்மனுக்கும் நடுவில் மாட்டிவிட்டார். காலையில் பூ, பத்தி, சூடம் மூன்றும் மூவருக்கும் பொது. சில நாளிலேயே படத்திலிருந்த வண்டியின் இரண்டு விளக்கிலும் சந்தனப் பொட்டு ஏறிவிட்டது. “ஏலே சண்முகம், பரிசு வாங்குன வண்டியவே விக்கத் தெரியலன்னா நீ எதுக்குலே டை கட்டிட்டு நிக்க? தைக்கு முன்னால அத வித்துரு, அன்னைக்கே உன்ன நிரந்தரமாக்குதேன்” என்றார். அன்றிலிருந்து நானும் அந்தப் படத்தை மனசார கும்பிட ஆரம்பித்தேன். பிள்ளையார் கோபித்துக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஒருநாள் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வண்டி பார்க்க வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவர், கல்லாவுக்கு முன்னால் நின்று மூன்று படத்தையும் நிதானமாகக் கும்பிட்டார். தட்டிலிருந்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார். அப்புறம் கண்ணைச் சுருக்கி நடுப்படத்தை மறுபடி பார்த்தார். அவர் குரலில் கேலி இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“மத்த ரெண்டு சாமியும் நமக்குத் தெரிஞ்சதுதான் அண்ணாச்சி, இந்த வண்டி யாருக்கு என்ன வரம் கொடுத்துச்சுன்னு இங்கன மாட்டியிருக்கீய?”

அம்பாசமுத்திரத்தில் வானத்தைப் பார்த்த வண்டி

பத்திரிகையின் மிச்சப் பக்கங்கள் என்னிடம் இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். சீட் சொகுசாக இருக்கிறதாம், ஸ்டியரிங் விரலுக்கு அடங்குகிறதாம், மேடு பள்ளம் தெரியாமல் கார் மாதிரி மிதக்கிறதாம். நடுப்பக்கத்தில் ஒரு படம். எந்த ஊரோ, மஞ்சு இறங்கிய ஒரு மலைப்பாதையில் வண்டி தன்னந்தனியாக நிற்கும். அந்தப் படத்துக்குள்ளேயே நான் பல மத்தியானங்களில் குடியிருந்தேன். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில், வண்டியை அம்பாசமுத்திரத்தில் ஒரு வாழைக்காய் வியாபாரியிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார் அண்ணாச்சி. அன்றைக்கு நான் வண்டி ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. வயலெல்லாம் தண்ணீர் நின்று, தண்ணீரிலெல்லாம் வானம் நின்றது. பொதிகை மலை பாதி மேகத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. வண்டி மிதந்தது நிஜம். பக்கத்து சீட்டில் செல்வி உட்கார்ந்து வருகிற மாதிரி நினைத்துக்கொண்டு, வீரவநல்லூர் தாண்டுவதற்குள் அவளிடம் இரண்டு வருஷக் குடும்பக் கதையைப் பேசி முடித்துவிட்டேன்.

வாழைக்காய் வியாபாரிக்கு என் கனவு எதுவும் தெரியாதே. பரிசு என்றதும், “என்ன எழுதியிருக்காவ, வாசியுங்க” என்றார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தலையாட்டிக் கேட்டவர், “எம்புட்டு லோடு ஏத்திப் பாத்தாகளாம்?” என்று கேட்டார். திரும்ப முதலிலிருந்து தேடினேன். சீட்டின் துணி என்ன நிறம் என்றுகூட இருந்தது, லோடைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் ஆட்களைக் கூப்பிட்டு, அன்றைக்கு அறுத்து வந்த தார்களையெல்லாம் ஏற்றச் சொன்னார். ஏற ஏற வண்டியின் பின்பக்கம் பைய உட்கார்ந்தது. முன்பக்கம் எழும்பி வானத்தைப் பார்த்தது. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். வியாபாரி என் தோளில் கை போட்டு, வருத்தமாகத்தான் சொன்னார்.

“தம்பி, அவுக பரிசு கொடுத்தது வெறும் வண்டிக்குல்லா, வாழைத்தாருக்கு யாரு பரிசு கொடுக்காவன்னு கேட்டுட்டு வாங்க.”

பட்டை போடாத கதை

திரும்பி வரும்போது வயல், மேகம், மலை எல்லாம் அங்கங்கே அப்படியேதான் இருந்தன. பக்கத்து சீட்டில்தான் ஆள் இல்லை. அதற்குப் பிறகு செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அரிசி மண்டிக்காரர் ஒருவர், ஏறிக்கூடப் பார்க்காமல் பின்பக்கத்தைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். கார்த்திகையும் போய்க்கொண்டிருந்தது. காலை பஸ்ஸில் செல்வி ஒருநாள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். எனக்குப் பதிலுக்குச் சிரிக்க வரவில்லை. கஸ்டமருக்கென்று வைத்திருக்கிற சிரிப்பைத்தான் சிரித்தேன். அவ்வளவு பயம் பிடித்திருந்தது.

எங்கள் மெக்கானிக் அந்தோணி, பின் ஸ்பிரிங்கில் கூட ஒரு இரும்புப் பட்டை போட்டால் வண்டி லோடு தாங்கும் என்றார். திருநெல்வேலியில் எந்தப் புது வண்டிக்கும் முதல் வேலை அதுதான். எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கிப் பூஜை போட்ட கையோடு பட்டறைக்குப் போய்ப் பட்டை போட்டுவிடுவார்கள். அதை வாங்குவதற்கு முன்பே நாமே போட்டு, லோடு ஏற்றிக் காட்டினால் ஆள் நம்பிப் பணம் கட்டும். எனக்கு உயிர் வந்தது. இரண்டு பேரும் அண்ணாச்சியிடம் ஓடினோம். அவர் படத்தை ஒரு பார்வை, எங்களை ஒரு பார்வை பார்த்தார். “பரிசு வாங்குன வண்டியில கை வச்சா அது பரிசு வாங்குன வண்டியாலே?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்தோணி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே முனகினார்.

“முதல் ரேங்கு வாங்குன பிள்ளைய, ரேங்கு போயிருமின்னு பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாம வீட்டுல வச்சிருக்க கணக்கால்லா இருக்கு.”

ட்யூப் லைட்டு உடையவில்லை

மார்கழி பிறந்த அன்று சேரன்மகாதேவியிலிருந்து ஒரு மைக்செட்காரர் வந்தார். பெரிய மீசை, மெல்லிய குரல். மார்கழி வந்துவிட்டால் அவருக்கு உட்கார நேரமில்லை. விடிவதற்கு முன் கோயிலில் மைக், பொழுது சாய்ந்தால் கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுகளில் சீரியல் லைட். அவருடைய பழைய வண்டி கல்லு மாதிரி. ஊருக்கு ஊர் போய் இறங்குவதற்குள் ட்யூப் லைட்டில் பாதி நொறுங்கிவிடுகிறதாம். “கோயில் வாசல்ல பாதி லைட்ட இருட்டாத் தொங்க விட்டா எவன் அடுத்த வருசம் கூப்பிடுவான்?” என்றார். பரிசைப் பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு வைக்கோல் படுக்கை போட்டு, ட்யூப் லைட்டுகளை அதன்மேல் அடுக்கி, ஓட்டிப் பார்ப்போம் என்றார். லோடு என்று அவர் சொன்னது அவ்வளவுதான்.

சேரன்மகாதேவிக்கு வெளியே கால்வாய்க் கரையில் ஒரு பாதை. மாட்டு வண்டியே யோசித்துத்தான் இறங்கும். சாயங்காலம். நான் ஸ்டியரிங்கில், அவர் பின்னால் லைட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கல்யாணம் ஒருமுறை உள்ளே இறங்கி மேலே வந்தது. பயத்தில் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தேன். கரண்ட் இல்லாத அந்தக் குழல்களில் எல்லாம் சாயங்கால வெளிச்சம் ஏறி, வைக்கோலுக்கு மேல் ஆறு ஒன்று படுத்து ஆடிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. அந்த மஞ்சு மலைப் படத்தைவிட அதுதான் அழகு. பாதை முடிந்ததும் இறங்கிப் போனேன். அவர் ஒவ்வொரு குழலாகக் காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூட உடையவில்லை. எனக்கு அழுகை வந்தது, சத்தியமாக. அவர் மீசையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

“அந்தப் பத்திரிகைக்காரன் கொடுத்த பரிசு சரிதான் வே, எதுக்குக் கொடுத்தோமின்னுதான் அவனுக்குத் தெரியல.”

மாப்பிள்ளைக்குப் போட்ட மார்க்

மைக்செட்காரர் வண்டியை எடுத்துக்கொண்டார், அண்ணாச்சி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். நான் நிரந்தரமானேன். ஆனால் அதே மார்கழிக் கடைசியில் அந்தப் பத்திரிகையின் புது வருஷ இதழ் வந்தது. இந்தத் தடவை சிறந்த வண்டி வேறு கம்பெனியுடையது. அண்ணாச்சி சத்தமில்லாமல் படத்தை இறக்கிவிட்டார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. செல்வியின் அப்பாவுக்குத்தான் பட்டது. அவர் லைப்ரரியில் போய் இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறவர். ‘பரிசு வாங்குன கம்பெனியில மாப்பிள்ளை’ என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தவர். ஆள் அனுப்பி என்னை டவுனிலிருந்த வீட்டுக்குக் கூப்பிட்டார். “கம்பெனி கீழ போகுது போலயே தம்பி? தை வேண்டாம், சித்திரை போகட்டும், ஆவணியில பாப்போம்” என்றார். ஏழு மாசம் தள்ளி ஆவணி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.  நான் பாட்டுக்கு அம்பாசமுத்திரத்தில் வாழைத்தார் ஏற்றிய கதையையும் கால்வாய்க் கரையில் ட்யூப் லைட் ஏற்றிய கதையையும் சொல்லிக்கொண்டிருந்தேன். “பரிசெல்லாம் வெறும் வண்டிக்குத்தான் மாமா, லோடு ஏத்திப் பாத்தவங்க யாரும் அந்தப் பத்திரிகையப் படிக்கல” என்றேன்.  அவருக்கு மனசு இறங்கின மாதிரித் தெரியவில்லை.

பெண் பார்க்கப் போன அன்று இதே நாற்காலியில் என்னை உட்கார வைத்து, கேசரி கொடுத்து, எழுந்து நடக்கச் சொல்லி, கையெழுத்துப் போடச் சொல்லி, பல் வரிசை வரைக்கும் பார்த்து ‘நல்ல பையன்’ என்று சொன்னவர் அவர்தான். அதை நான் மறந்தே போயிருந்தேன். உள்ளே கதவுக்குப் பின்னால் இருந்த செல்வி மறக்கவில்லை. காபி டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அதுவரைக்கும் என் முன்னால் ஒரு வார்த்தை பேசாதவள். அன்றைக்கும் என்னைப் பார்க்காமல், அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“நீங்க இவுகளுக்குப் போட்ட மார்க்கும் லோடு ஏத்தாமப் போட்டதுதானப்பா, ஏத்துனாத்தான தெரியும், தையிலயே வைங்க.”

தையிலேயே வைத்தார்கள்; அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் மார்க் போட்டதில்லை, லோடோடு மேடேறிக்கொண்டிருக்கிறவனை நிறுத்தி யாரும் பரிசு கொடுப்பதில்லை என்பது என்னைப் போல ஓடிக்கொண்டிருக்கிற உங்களுக்கும் தெரிந்ததுதானே.