மார்கழியும் ஒரு நீல கேனும்

விடிந்தும் விடியாததுமாகப் போன் அடித்தால் எனக்கு எடுக்கவே பிடிக்காது. நல்ல சேதி சொல்கிறவர்கள் யாராவது காபி குடிப்பதற்கு முன்னால் போன் பண்ணுகிறார்களா? மார்கழிக் குளிரில், போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி எடுத்தேன்.

“மாமா, சரக்கு கெட்டுப்போச்சு. நான் சிங்கப்பூருக்கே கெளம்பிடுறேன்.”

பேசியது பாலு. என் மனைவி வசந்தியின் தம்பி, சிதம்பரத்தில் இருக்கிறான். சரக்கு என்றதும் வேறு எதையும் நினைத்துவிடாதீர்கள். வெற்றிலை பாக்குகூடப் போடாத பிள்ளை. ஷாம்பு தயாரிக்கிறான்... அதற்கான மூலப்பொருளைத்தான் சொல்கிறான்.

மருந்துக் கம்பெனி ஒன்றில் ரெப்பாக இருந்தவன். டை, பைக், மாதம் பிறந்தால் சம்பளம். அதை உதறிவிட்டு எவனாவது ஷாம்பு காய்ச்சுவானா? இவன் காய்ச்சினான் — பொண்டாட்டிக்காக.

அவன் மனைவி செல்விக்கு எந்த ஷாம்பும் ஆகாது. போட்டால் அரிப்பு, அப்புறம் தலை முழுக்கப் புண். சீயக்காயும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு, கல்யாணம் காட்சி எதற்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாள். “எல்லாரும் என் தலையத்தான் பாக்குறாங்கண்ணி” என்று வசந்தியிடம் சொல்லி அழுவாள்.

பாலு எங்கெங்கோ விசாரித்து ஒன்றைக் கண்டுபிடித்தான். கோகோ குளுக்கோசைடு. பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். தேங்காய் எண்ணெயும் சோளத்திலிருந்து எடுக்கும் சர்க்கரையும் சேர்ந்து உருவாகிற ஒரு பாகு. அழுக்கை எடுக்கும், தோலை உரிக்காது. அதில் தண்ணீரும் எலுமிச்சை உப்பும் இன்னும் ஏதேதோவும் அளவாகக் கலந்து செல்விக்குக் கொடுத்தான். புண் ஆறியது. முடி வளர்ந்தது. இன்றைக்கு அவள் பின்னல் இடுப்பைத் தொடுகிறது. அந்தத் தெம்பில்தான் வேலையை விட்டான்.

விற்கப் போனபோதுதான் சிக்கல். நுரை கம்மி. நமக்கு நுரை வழிந்து கண்ணெல்லாம் எரிந்தால்தானே குளித்த மாதிரி இருக்கும்? “என்னாங்க இது, பொங்கவே மாட்டேங்குது” என்று கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள்.

செல்வியின் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். தங்கமான மனுஷன். “பொங்கல் வரைக்கும் பாரு மாப்ள. ஓடலன்னா இங்க வந்துடு, எங்க குடோன்ல வேலை இருக்கு” என்று சொல்லி வைத்திருந்தார். செல்விக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அண்ணனிடம் சொல்ல வாயும் வரவில்லை. நல்லவேளையாகச் சிதம்பரத்தில் பியூட்டி பார்லர் நடத்துகிற ஒரு அம்மா, தை மாதக் கல்யாணப் பெண்களுக்கென்று மொத்தமாக ஆர்டர் கொடுத்தார். அதற்காக வாங்கி வைத்திருந்த சரக்குதான் இப்போது கெட்டுப்போச்சு என்கிறான்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். கடலூர் முதுநகர் ஸ்டேஷன் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான், ஆனால் ரயில் பாதையை அகலப்படுத்துகிறேன் என்று தண்டவாளத்தையே எடுத்து வைத்திருந்தார்கள். வசந்தி வழி முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. “அவன் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?” என்றாள். நான் ஒருத்தன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஞாபகப்படுத்த அது நேரமில்லை.

பாலு வீட்டு முன்னறையில் பெரிய நீல கேன். மூடியைத் திறந்து காட்டினான். மஞ்சள் பாகு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஏதோ கெட்டியாக இறுகிக் கிடந்தது. அதன் பக்கத்தில் புத்தம் புதிய சக்கரப் பெட்டி ஒன்று. கைப்பிடியின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. என்னை அந்த கேன் ஒன்றும் செய்யவில்லை, பெட்டிதான் கலக்கியது.

“கடைக்காரன் மைதா கலந்துட்டான்” என்றேன். விவரம் தெரியாத விஷயத்தில் சட்டென்று தீர்ப்பு சொல்வது என் வழக்கம்.

“மைதா எப்படி மாமா கலக்க முடியும்?”

“அப்ப மெழுகு.”

“யாரோ கண்ணு வச்சுட்டாங்க” என்றாள் வசந்தி.

சரக்கு கொடுத்த பாண்டிச்சேரிக் கடைக்குப் போன் போட்டோம். எடுத்த பெண் அமைதியாகச் சொன்னாள்: “மொதலாளி சபரிமலை போயிருக்காருங்க. வந்தாதான் தெரியும்.” மார்கழியில் நம் ஊரில் அவசரம் என்று ஒன்று வந்தால் யாரைப் போய்க் கேட்பது?

பாலு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். “போதும் மாமா. நைட்டே செல்வி அண்ணனுக்குப் போன் பண்ணி வர்றேன்னுட்டேன். இத சாக்கடையில கொட்டிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்.” அடுப்படியில் செல்வி கையில் பாத்திரம் ஜாஸ்தியாகச் சத்தம் போட்டது.

கொட்டியிருப்பான். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மங்கலம்பேட்டையிலிருந்து வசந்தியின் சித்தப்பா, குடும்பத்தோடு. மறுநாள் ஆருத்ரா தரிசனம் அல்லவா? சிதம்பரத்தில் வீடு இருந்தால் தரிசனத்துக்கு முதல் நாள் அது உங்கள் வீடு இல்லை. எந்தச் சொந்தம் எந்த மூலையில் படுக்கும் என்று சொல்ல முடியாது.

“இதென்னா நடுவீட்ல ட்ரம்மு? எடுத்து மாடியில போடு. மனுஷன் காலு நீட்ட வேணாமா?” என்றார் சித்தப்பா. நானும் பாலுவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மொட்டை மாடிக்கு ஏற்றினோம். விருந்தாளிகள் போனதும் கொட்டிக்கொள்ளலாம் என்று முடிவு. கால் நீட்ட வசதியாகப் பெட்டியும் கட்டிலுக்கு அடியில் போனது.

மறுநாள் எல்லோரும் தரிசனத்துக்குக் கிளம்பினார்கள். சித்தப்பா குளிக்கப் போகுமுன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துக் குலுக்கினார். உறைந்துபோயிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே மாடிக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துவிட்டு வந்தார். நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதானே! அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கூட்டத்தில் இடிபட்டு, தரிசனம் முடித்து, களி சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்கு மேல் திரும்பினோம். செல்வி துவைத்த துணியை உலர்த்த மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

“என்னாங்க... இங்க கொஞ்சம் வாங்க.”

போனோம். சித்தப்பாவின் எண்ணெய் பாட்டில் நீல கேன் மீது சாய்ந்து நின்றிருந்தது. எண்ணெய் உருகித் தெளிந்திருந்தது. செல்வி பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு கேனைக் காலால் லேசாக இடித்தாள். உள்ளே தளும்புகிற சத்தம்.

பாலு மூடியைத் திறந்தான். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது. மற்றபடி பழைய மஞ்சள் பாகு! ஒரு குச்சியை விட்டுக் கலக்கினான். அந்த வெள்ளையும் கரைந்தது. எண்ணெய் பாட்டிலைப் பார்த்தான், கேனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“தேங்காய் எண்ணெய்லேருந்து வர்றது மாமா இது... குளிருக்கு ஒறைஞ்சிருக்கு. அவ்ளோதான். கெடவே இல்ல.”

தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்கத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? அதே வீட்டில் நாங்கள் மைதா என்றோம், மெழுகு என்றோம், கண் திருஷ்டி என்றோம். புதுப் பெயர் வைத்துப் பெரிய கேனில் வந்தால் நம்ம வீட்டுத் தேங்காயைக்கூட நமக்கு அடையாளம் தெரிவதில்லை. அப்பாடா என்று அந்தச் சுடுகிற தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்வி ஈரத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வசந்தியும் சேர்ந்து அழுதாள். ஆனால் அது பஸ்ஸில் அழுத அழுகை இல்லை.

பாண்டிச்சேரிக்காரர் மலையிலிருந்து திரும்பி வந்து, “குளிர்ல அது அப்படித்தான் சாமி, சூடு காட்டுனா சரியாப்பூடும்” என்று சிரித்தாராம். அது அப்புறம். அன்றைக்கு அவசரமாக ஒரு வேலை பாக்கி இருந்தது. சிங்கப்பூருக்குச் சொல்ல வேண்டும். பாலு போனை என்னிடம் நீட்டினான். நான் வசந்தியிடம் நீட்டினேன். செல்வி வந்து வாங்கிக்கொண்டாள். அண்ணனிடம் ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவள்.

“அண்ணே, அவரு வரலண்ணே.”

அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

“ஒண்ணுமில்லண்ணே. இங்க வெயில் வந்துடுச்சு.”

தை பிறந்தது. பார்லர் அம்மாவுக்குப் போக வேண்டியது போய்ச் சேர்ந்தது. மணப்பெண் ஒருத்தி அம்மாவுக்கும் ஒரு பாட்டில் கேட்டு வாங்கினாளாம்... நுரையைப் பற்றி மூச்சே விடவில்லையாம்.

நேற்று பாலு கடலூர் வந்தான். எங்கள் தெருவில் கடகடவென்று அந்தச் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு அவன் வருவதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் எனக்கு உயிரே போய்விட்டது. வாசலில் வைத்துத் திறந்தான். உள்ளே முழுக்க ஷாம்பு பாட்டில்கள், இங்குள்ள கடைகளுக்கு.

முதல் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தான். எனக்குத் தலையில் முடி கிடையாது என்பதை இதுவரை உங்களுக்குச் சொல்லவில்லை... இருந்தாலும் இன்று காலையில் தேய்த்துக் குளித்தேன்.