செத்தவன் சாம்பார் ஊற்றிய படம்

அப்பா சொல்லும் கதைப்படி, அந்தப் படத்தில் தம்பி லாரி மோதிச் செத்துப்போகிறான். எல்லாரும் மாரடித்து அழுகிறார்கள். அதற்குப் பிறகு அண்ணனுக்குக் கல்யாணம் நடக்கிறது. பந்தியில் அதே தம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாய்ச் சாம்பார் ஊற்றுகிறான்.

"செத்தவன் எப்படிப்பா சாம்பார் ஊத்துவான்?" என்று அக்கா கேட்பாள்.

"ஊத்துனான். நான் பார்த்தேன்."

எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக ஓடிய வேடிக்கை இது. தீபாவளிக்கு ஆட்கள் கூடினால் யாராவது அப்பாவைக் கிளறிவிடுவார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பார்.

அம்மா இறந்துபோன பிறகு வேடிக்கை வேறு மாதிரி ஆகிவிட்டது. சுங்காய் ஊர் வீட்டில் தனியாக இருந்த அப்பா அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு மறந்தார். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டார். விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறாரா என்று கவனிக்கும்படி டாக்டர் அக்காவிடம் சொன்னாராம். அக்கா ஈப்போவில் டீச்சர். கவனிக்கச் சொன்னால் பரீட்சையே வைத்துவிடுவாள். முதல் கேள்வி, சாம்பார். அப்பா பழைய பதிலையே சொன்னார். மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கிக்கொண்டு அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போவதென்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அப்பாவுக்குச் சந்தை, சாயாக்கடை, கோயில் எல்லாமே அந்த மோட்டாரில்தான். "சாவியக் கேக்க யாரும் இந்தப் பக்கம் வராதீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு அக்காமேல் சுர்ரென்று கோபம் வந்தது. ஒரு சினிமாவை வைத்தா ஒரு மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதென்று சொல்வது? ஈப்போவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. படத்தைத் தேடிப் பிடித்து அப்பா சொன்னது சரியென்று காட்டிவிடலாம் என்று கிளம்பினேன். அவ்வளவு சுலபமென்று நினைத்தது என் புத்தி.

கிடைத்தது ஒரு படமல்ல, இரண்டு. ஒன்று, அக்கா சின்ன வயதில் டிவியிலிருந்து பதிந்து வைத்த கேசட். கீழே மலாய் எழுத்து ஓடும். அதில் கல்யாணமே இல்லை, வெட்டிவிட்டிருந்தார்கள். இன்னொன்று, ஈப்போவில் ஒரு கடையில் பழைய பெட்டியின் அடியில் கிடந்த முழுப்படம். அதில் கல்யாணம் இருந்தது, தம்பி சாம்பாரும் ஊற்றினான். ஆனால் உயிரோடு இருக்கும்போது ஊற்றினான். லாரி அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்பா சொன்னது இரண்டிலும் இல்லை.

சரி, இரண்டையும் ஒரே டிவிடியில் போடுவோம், இங்கே வெட்டு, இங்கே முழுசு என்று பார்த்தால் அவருக்கே ஏதாவது பிடிபடும் என்று நினைத்தேன். அவர் வீட்டில் இருப்பது பழைய டிவிடி பிளேயர்தான். அதன் ரிமோட் மட்டும் அவர் விரலுக்கு அத்துப்படி. படம் ஓடும்போதே ஒரு பட்டனை அமுக்கினால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ வேண்டும். அதற்கு இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டுமாம். கேசட்டில் வெட்டிய இடங்களிலெல்லாம் கறுப்புத்திரையைப் போட்டு நிரப்பினேன். 'படம் புதுசு', 'படம் கடைசி', 'படம் கடைசி இரண்டு' என்று கம்ப்யூட்டர் நிறைய ஃபைல்கள். எதில் யார் சாகிறான், எதில் யார் சாப்பிடுகிறான் என்று எனக்கே தலை சுற்றியது. பாதி வேலையில், தம்பி எப்போது செத்தான் என்று என்னைக் கேட்டிருந்தால் நானே பரீட்சையில் தோற்றிருப்பேன்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை டிவிடியோடு சுங்காய் போனேன். மாமாவும் தன் ஊரான சிலிம் ரிவரிலிருந்து வந்திருந்தார். அப்பா பட்டனை அமுக்கினார். திரை கறுத்தது.

"படமே செத்துப்போச்சுலா" என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. இப்படியும் அப்படியும் அமுக்கிப் பார்த்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்தார். "ரெண்டுமே தப்பும்மா."

அக்கா சொன்னதுதான் உண்மையோ என்று முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. காருக்குப் போனேன். மாமா பின்னாலேயே வந்தார்.

"உங்கப்பா மேல தப்பில்ல" என்றார். "அப்போ எஸ்டேட்ல ரெண்டு டிவிஷன் ஆளுங்களுக்கும் ஒரே படந்தான்லா. நாங்க முதல் டிவிஷன், உங்கப்பா ரெண்டாவது. எங்க பக்கம் ஓடி முடிஞ்ச ரீல நான்தான் மோட்டர்ல அங்க கொண்டு போவேன். அன்னிக்கு மழை விட்டு ரோடெல்லாம் சேறு. ரெண்டு ரீல ஒரே சாக்குல போட்டுக் கொண்டுபோய், முன்ன பின்ன பாக்காம மாத்திக் குடுத்துட்டேன்."

"அங்க யாரும் கேக்கலயா?"

"மத்தவங்க பொறவு டவுன்ல போய்ப் பாத்துட்டாங்க. உங்கப்பா போகல."

"ஏன் மாமா இத்தன வருஷமா சொல்லல?"

"முதல்ல கணக்கெழுதுற ஆபீஸ் கிராணி ஏசுவாருன்னு பயம். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன்."

அவரை நான்கு கேள்வி கேட்கலாம் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மூன்றாவது படத்துக்குப் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. முழுப்படத்தின் துண்டுகளை வரிசை மாற்றி ஓடவிட்டால் போதும். லாரி முன்னால், கல்யாணம் பின்னால். டிவிடி மெனுவில் 'ரெண்டாவது டிவிஷன்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். மாமா அவளிடமும் தன் வாயாலேயே சொன்னார். பிறகு படம் ஓடியது. தம்பி செத்தான். எல்லாரும் அழுதார்கள். அடுத்த காட்சியில் பந்தி. அவன் வாளியோடு வந்தான். அப்பா திரையைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிப்பா" என்றாள் அக்கா. "ஊத்துறான்." நான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன், அதை மறைக்கவும் இல்லை.

படம் முடிந்ததும் அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டு மோட்டார் சாவியை எடுத்தார். அக்காவிடம் தரவில்லை. என் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குப்பா? நீங்கதான் சரின்னு ஆயிடுச்சே."

"படத்துல சரி" என்றார். "போன வாரம் சந்தையில இருந்து வீட்டுக்கு வர வழி தெரியாம நின்னுட்டேன்மா. ஒரு மலாய்க்காரப் பையன்தான் கொண்டு வந்து விட்டான். அப்பவே சொல்லியிருந்தா, படத்தையும் சேத்துப் பொய்யின்னு சொல்லியிருப்பீங்க."

சாவி அவர் உடம்புச் சூட்டோடு என் கையில் இருந்தது. விரலை மூடுவதா, சாவியைத் திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாமல் கையை விரித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா ரிமோட்டைத் தேடி எடுத்தார். "அந்தப் பந்திய இன்னொரு தடவ போடு" என்றார்.