ஏழாவது டிராக்கில் ஒரு குரல்

இதில் ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டவில்லை. எனக்கு அவ்வளவு கற்பனை இருந்திருந்தால், இந்த மனுஷனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே நாலையும் யோசித்திருப்பேன்.

என் கணவர் கம்ப்யூட்டரில் டான்ஸ் பாட்டு செய்பவர். அவருடைய ஒரு பாட்டு திரும்பிய பக்கமெல்லாம் ஓடியது. ஜிம்மில், காரில், பக்கத்து வீட்டுக்காரரின் போனில். தடதடவென்று அடிக்கும் பீட்டுக்கு நடுவே சின்னதாக ஒரு மெட்டு வரும். "உன்னை முதல் தடவை பார்த்த அன்னிக்குப் போட்டது" என்பார். நான் வயலின் வாசிக்கிறவள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் விழுந்தேன்.

அந்தப் பாட்டையே ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றித் தரும்படி ஒரு கம்பெனி கேட்டது. வயலின் முழுக்க நான்தான். ஒரே ஆள் நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்து வாசித்து, ஒவ்வொன்றையும் ஒரு டிராக்காக ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தால், பெரிய கூட்டமே வாசிப்பதுபோலக் கேட்கும். சிக்கல் வேறு இடத்தில். டான்ஸ் பாட்டு சுற்றிச் சுற்றி வந்து அப்படியே தேய்ந்து போய்விடும். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒரு முடிவு வேண்டும். அவரும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார், வரவில்லை. சொந்த மெட்டை முடிக்கத் தெரியாதா என்று கேலிகூடச் செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம், ஸ்டுடியோவில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் ரெக்கார்டிங் அண்ணனும். இந்தப் பக்கம் நான் மட்டும்.

ஏழாவது டிராக் முடிந்ததும் அண்ணன் மைக்கில் கேட்டார்.

"கடைசில ஏம்மா வாயால பாடினே?"

"நானா? வாயே திறக்கலண்ணே."

அந்த டிராக்கை மட்டும் தனியாக ஓட்டினார். ஹெட்போனில் என் வயலின். நடுவில்... யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். எனக்கு இடப்பக்கம். அங்கே காலி நாற்காலிதான் இருந்தது.

பதிவில் என் வில் நின்றது. மெட்டு நிற்கவில்லை.

ஒரு பெண்ணின் குரல்... ம்ம்ம்... ம்ம்...

மேலே போய்... இறங்கி... முடித்தது.

அவ்வளவு அழகான முடிவு.

கண்ணாடி வழியே அவரைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை.

"அழிங்க! அவ குரல் எப்படி..."

"எவ?"

என் கண்ணைப் பார்க்காமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எத்தனை வருஷம் அந்தப் பாட்டைக் கேட்டு நாலு பேர் முன்னால் வெட்கப்பட்டுச் சிரித்திருக்கிறேன்!

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"முன்னாடி இவரோட ஒரு பொண்ணு பாட வரும்மா. மெட்டு அதோடதுதான். கட்டிக்கறேன்னு சொல்லியிருந்தாரு. அப்புறம் அது செத்துப்போச்சு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அண்ணன் அதை அழிக்கவில்லை. என் போனில் ஏற்றிக் கொடுத்து, அந்தப் பெண்ணின் அக்கா வீட்டுக்கு வழியும் சொன்னார்.

மறுநாளே போனேன். போட்டுக் காட்டினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என் தங்கச்சிதான்... அவ குரல்தான்."

மெட்டின் முடிவு வந்தது. அக்காவின் அழுகை நின்றது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இது எப்போ பாடினது?"

நான் போனை நிறுத்தினேன்.

"அவ இதை முடிக்கவே இல்லம்மா. பாதி மெட்டோட போனவன் திரும்பி வரட்டும், மீதியை அவன் முன்னாடிதான் பாடுவேன்னு உட்கார்ந்திருந்தா. சாகற வரைக்கும் பாதியைத்தான் பாடிட்டிருந்தா."