தங்கச்சி ரத்தம் ஆகாதா என்று கேட்ட பேச்சியக்கா

தச்சநல்லூர் பேச்சியக்கா நேற்று தவறிவிட்டார்.

இங்கே இருக்கும் யாருக்கும் அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளவே தயக்கமாக இருக்கிறது...

தொண்ணூறுகளின் நடுவில், எம்.எஸ்சி. முடித்த கையோடு பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். காணாமல் போன குழந்தைகளைத் தேடும் வேலை.

பேச்சியக்கா அரிசி மில்லில் கூலி. கணவர் இல்லை. ஒரே பையன் முத்து, ஐந்து வயது. ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைக்கிறேன் என்று தெருக்காரன் ஒருவன் கூட்டிப்போனான்.

பையன் கிடைத்தது பம்பாய் விமான நிலையத்தில். வளைகுடாவுக்குப் போக நின்ற ஒரு தம்பதியின் பாஸ்போர்ட்டில் அவர்கள் மகனாக இருந்தான். ஒட்டகப் பந்தயத்துக்கு எடை குறைந்த பிள்ளைகளைக் கடத்திய காலம் அது.

எங்கள் பிள்ளைதான் என்று இருவரும் கடைசிவரை சாதித்தார்கள். டிஎன்ஏ பரிசோதனை, அவர்கள் பிள்ளை இல்லை என்றது. அவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். பையன் அங்கேயே ஒரு காப்பகத்தில்.

அவனை ஊருக்கு அனுப்ப, இங்கே இருக்கும் அம்மாவின் ரத்தமும் வேண்டும் என்றார்கள். பேச்சியக்காவைப் பேசிச் சம்மதிக்க வைத்தது நான்.

அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளையின் ரத்தத்தில் பாதி அம்மாவுடையது, பாதி அப்பாவுடையது என்று விளக்கினேன். அக்கா சேலை முந்தியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அஞ்சு வருசமா நான் போட்ட சோறுதானம்மா அவன் ஒடம்புல ரத்தமா ஓடுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"கூடங்குளத்துல என் தங்கச்சி இருக்கா. அவ ரத்தம் எடுத்தா ஆகாதா?"

"அவங்க எதுக்குக்கா? நீங்கதான அம்மா."

"ஆமா. நாந்தான்."

கையை நீட்டிவிட்டார். ரத்தத்தை ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்ப, சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். என் நினைப்பெல்லாம் அந்த ரயிலில்தான்...

ரத்தம் பொருந்தவில்லை.

இன்ஸ்பெக்டர் அக்காவை நிற்கவைத்துக் கேட்டார். "பெத்த பிள்ளைன்னு கைநாட்டு வச்சிருக்க. ரிப்போர்ட் இல்லைங்குது. நீயும் அந்தக் கும்பல்தானா?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. கூடங்குளத்துத் தங்கச்சி பஸ் பிடித்து வந்துதான் சொன்னார்.

அக்காவுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. தங்கச்சி பெற்ற மூன்றாவதை, பிறந்த அன்றைக்கே அக்கா மடியில் போட்டுவிட்டார். கொடுத்தவள் கேட்கக் கூடாது, வாங்கியவள் சொல்லக் கூடாது, சொன்னால் பிள்ளை தங்காது என்று இசக்கியம்மன் முன்னால் இருவரும் சத்தியம் செய்திருக்கிறார்கள்.

"இப்ப சொல்லிட்டேனேக்கா..." என்று தங்கச்சி அழுதார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தங்கச்சி ரத்தம் பொருந்தியது. ரிப்போர்ட்டில் யார் அம்மாவோ அவரிடம்தான் பையன் என்று உத்தரவு. வேறு வழி இருக்கிறதா என்று கேட்க எங்கள் அமைப்புக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜங்ஷனில் ரயில் வந்து நின்றதும் முத்து ஓடிவந்து அக்காவின் காலைக் கட்டிக்கொண்டான். தங்கச்சி வீட்டுக்காரர் போலீஸுக்குப் பயந்த மனுஷன். "இவ பெரியம்மைலே. அம்மை அங்கன நிக்கா பாரு" என்று பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அந்த வழக்கைப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். எல்லை தாண்டவிருந்த பிள்ளையை அறிவியல் மீட்ட கதை. கைதட்டுவார்கள். அதில் பேச்சியக்கா வரமாட்டார். வந்தால் கதை நன்றாக இருக்காது.

சில வருஷங்கள் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கூடங்குளம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"ஏன் ஒளியுதீய? கல்யாணம் ஆயிட்டா?"

மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன்.

"நீங்க என்ன செய்வீய... நாந்தான வாயத் தொறக்கல" என்றார். பஸ் வந்துவிட்டது.

அவர் வாயைத் திறந்திருந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில். அதை அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்...

நேற்று முத்து போன் செய்தான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

"அம்மா தவறிட்டா மேடம்."

"எந்த அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.



"தச்சநல்லூர்ல மேடம். கொள்ளி வச்சிட்டு ஆத்துல குளிச்சிட்டு இப்பதான் வாரேன். பெத்தவ இருக்கையில மொட்டை போடக் கூடாதுன்னு ஊர்ல சொன்னாவ. கூடங்குளத்து அம்மாதான், நீ போட்டுக்கோலேன்னுட்டா."

முத்துவின் அம்மா பேச்சியம்மாளுக்கு என் அஞ்சலி.